பன்றி அணியும் காளான் அணியும்

2017ஆம் ஆண்டு ஐப்பசி பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, முதுகில் பதினோரு காளான்கள் முளைத்த ஒரு காட்டுப்பன்றி உடையாம்பாறை பேருந்து நிறுத்தத்தில் தங்கப்பழம் நடத்திவந்த டீக்கடையின் முன்னால் வந்து நின்றது. பால் ஆற்றிக்கொண்டிருந்த தங்கப்பழம் அதை ஏறிட்டுப் பார்த்து, "இன்னும் முதல் போணி ஆகல்ல, கொஞ்சம் ஓரமா நில்லு" என்றார். பன்றி ஓரமாக நின்றது.

மலை அடிவாரத்து ஊரில், விடாமல் பெய்த மழைக்குப் பிறகு எது எதன்மேல் முளைத்தாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் வழக்கமில்லை. பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஆலங்கன்று நின்றது, தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் பப்பாளி காய்த்தது, தங்கப்பழத்தின் கடைக் கூரையிலேயே ஒரு தடவை தக்காளி பழுத்து அவர் அதைச் சட்னிக்குப் பறித்திருக்கிறார். ஆகவே அன்று காலை டீக்கடையில் கூடியவர்கள் பன்றிமேல் காளான் முளைக்குமா என்று கேட்டுக்கொள்ளவில்லை. அது என்ன காளான் என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். உள்ளங்கை அகலத்தில், தந்த நிறத்தில், குடையின் நடுவில் மட்டும் பழுப்பாக, பிடரியிலிருந்து வால் வரை முதுகெலும்பு ஓடிய வழியே ஒன்றன்பின் ஒன்றாக அவை கோயில் கொடைத் திருவிழாவுக்கு நட்ட டியூப்லைட்டுகள் மாதிரி நின்றன. பன்றி மூச்சுவிட்டபோதெல்லாம் அவை அசைந்தன, அசைந்தபோதெல்லாம் சாம்பிராணி வாசனை வந்தது.

"இது சாம்பிராணிக்காளான்லா" என்றார் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர். "எனக்கு மீசை முளைக்கதுக்கு முன்னால கரையான் புத்துல பாத்தது. பொறவு காணவே இல்ல."

"காணாமப் போனது பன்றி மேல ஏறி வருதாக்கும்?"

"அதுக்குக் காலு உண்டுமா? வண்டி புடிச்சு வந்துருக்கு."

இந்தப் பேச்சு முடிவதற்குள் மலைப்பாதையில் தகர டின்னும் குச்சியுமாக, சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு முப்பிடாதி வந்து சேர்ந்தாள். பன்றியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"தொரை டீ குடிக்க வந்துட்டாரோ? ராத்திரி பூரா என் சேனையத் தின்னுட்டு, காலையில வாய் கழுவ டீயா?"

"அதும் முதுகைப் பாருளா" என்றார் தங்கப்பழம்.

"முதுகை நீங்க பாருங்க அண்ணாச்சி. நான் பத்து வருசமா அதும் வாயைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

முப்பிடாதிக்கு நாற்பத்திரண்டு வயது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அடிவாரத்தில் ஒரு வயல் இருந்தது. ஒரு காலத்தில் அங்கே பதினேழு வயல்களில் சேனையும் மரச்சீனிக் கிழங்கும் போட்டார்கள்; மலையிலிருந்து கட்டைப்பன்றிகள் கூட்டமாக இறங்கி எல்லாருடைய வயலிலும் கொஞ்சம் கொஞ்சம் தின்றன, எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் திட்டினார்கள். பிறகு மழை தவறிய ஒரு வருடம் ஒருவர் விட்டார், அடுத்த வருடம் மூன்று பேர் விட்டார்கள், முப்பிடாதியின் சொந்த அண்ணனே வயலைக் கருவேலத்துக்கு விட்டுவிட்டு ஹாலோபிளாக் கல் அறுக்கப் போனார். அதே காலத்தில் மலையிலும் பன்றிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கட்டைப்பன்றி என்பது மற்றக் காட்டுப்பன்றியைவிடக் குள்ளமானது, குட்டைக்கால், முன்பக்கம் பெருத்துப் பின்பக்கம் ஒடுங்கியது. அந்த இனத்தை வேறெந்த மலையிலும் யாரும் பார்த்ததில்லை என்று வனத்துறையின் வனவர் சொல்லியிருந்தார். கடைசியில் அடிவாரத்தில் ஒரு வயலும் மலையில் ஒரு பன்றியும் மிஞ்சின. மிஞ்சிய பன்றி மிஞ்சிய வயலுக்கு வந்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த தங்கை, தை மாசத்துக்குள் சேனை கைக்கு வராவிட்டால் பேசாமல் கிளம்பி வந்துவிட வேண்டும் என்று முப்பிடாதியிடம் வாக்கு வாங்கியிருந்தாள். முப்பிடாதி அங்கே ஒரு தடவை போயிருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல் இருந்தது. அந்த வீட்டுக்காரியும் அதே நேரத்தில் திறந்து, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். அவளுக்குப் போக விருப்பமில்லை. அந்தப் பன்றி ஒழிந்தால் போகவேண்டியதில்லை. அந்த வாரம் கூண்டு கொண்டுவருவதாக வனவர் சொல்லியிருந்தார். கூண்டு வருவதற்குள் காளான் வந்துவிட்டது.

பன்றி மலைக்குத் திரும்பவில்லை. பகலில் டீக்கடைப் பக்கத்துப் புளியமரத்தடியில் படுத்துக்கிடந்தது, இருட்டியதும் அலுவலகத்துக்குப் போகிறவர் மாதிரி எழுந்து முப்பிடாதியின் வயலுக்குப் போனது, விடிந்ததும் திரும்பி வந்தது. உடையாம்பாறை அதைச் சுற்றித் தன் காரியங்களை மாற்றி அமைத்துக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்த பெண்கள் ஈரத்தலையோடு புளியமரத்தடிக்கு வந்து, பன்றியைக் கடந்து காற்று வந்த பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கூந்தலை விரித்துப் போட்டு, வாசனை ஏறும்வரை ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்கள். கைக்குழந்தைகளை ஒவ்வொன்றாக நீட்டிப் பன்றியின் முதுகுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார்கள். அம்மன் கோயில் பூசாரி, தீபாராதனை நேரத்துக்குப் பன்றி வாசலில் வந்து நின்றால் நல்லது என்று சொல்லியனுப்பினார். சர்ச்சிலிருந்து உபதேசியார் வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு வேறு சோலி இல்லையே என்று தங்கப்பழத்திடம் விசாரித்தார். வாலிபர் சங்கம், "மலைநாட்டு மணமே வருக வருக" என்று பன்றியின் படத்தைப் பெரிதாகவும் தங்கள் படங்களைச் சிறிதாகவும் போட்டு பிளக்ஸ் வைத்தது. நாலே நாளில் தங்கள் படங்கள் பெரிதாகவும் பன்றி சிறிதாகவும் இருந்த இன்னொரு பிளக்ஸ் அதன்மேல் ஏறியது. வாரச்சந்தையில் சாம்பிராணி விற்கிறவர் மட்டும் உடையாம்பாறைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

காளானைப் பற்றிக் கேள்விப்பட்டு நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மெர்லின் என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். அவர் காளான்களைப் பற்றியே படித்து, காளான்களைப் பற்றியே பாடம் நடத்தி, காளான்களைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் வாழ்ந்தவர். பன்றியின் அருகே மண்டியிட்டு வாசனையை இழுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. இந்தக் காளானைக் கடைசியாகப் பார்த்தவர்கள் எல்லாம் இறந்துவிட்டார்கள் என்றும், தனக்குத் தெரிந்து உலகத்தில் இந்தப் பதினொன்றுதான் இருக்கின்றன என்றும் மண்டியிட்டபடியே சொன்னார்.

"பன்றியும் ஒண்ணுதான் மேடம் இருக்கு" என்றார் கூட வந்த வனவர்.

"அப்போ பதினொண்ணு பெருசுல்லா" என்றார் தங்கப்பழம்.

பிறகு கால்நடை மருத்துவர் வந்து பன்றியின் காதைத் தொட்டுப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், கைகழுவிவிட்டு மெர்லினோடு தனியே போய்ப் பேசினார். இருவரும் திரும்பி வந்து சொன்னது ஒன்றுதான். காளான் பிழைக்க வேண்டுமென்றால் பன்றியை இருட்டான அறையில் எந்நேரமும் ஈரத்தில் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் பன்றி மெல்ல மெல்லக் கரைந்து போகும், அதற்குள் காளான் விதைத்தூள் விட்டுப் பெருகிவிடலாம். பன்றி பிழைக்க வேண்டுமென்றால் காளானைச் சுரண்டி எடுத்து மருந்து போட்டு வெயிலில் உலர்த்த வேண்டும். அப்படிச் செய்தால் காளான் போய்விடும். இரண்டையும் இப்படியே விட்டால் மழை நிற்கும்போது இரண்டும் போய்விடும். மலைரோட்டில் இருந்த அரிய உயிர்கள் காப்பகத்தில் ஈர அறை ஒன்று காலியாக இருந்தது. எதைக் காப்பாற்றுவது என்று மருத்துவரைக் கேட்டால், எனக்குப் பன்றி மட்டும்தான் தெரியும் என்றார். மெர்லினைக் கேட்டால், எனக்குக் காளான் மட்டும்தான் தெரியும் என்றார். வனவர் மேலிடத்துக்குப் போன் செய்தார். உள்ளூர் மக்களின் கருத்தை அறிந்து செயல்படவும் என்று மேலிடம் சொன்னது.

உடையாம்பாறையில் மக்களின் கருத்தை அறிய ஒரே வழிதான் உண்டு. எப்போதோ ஒரு கொடையில் வாய்த்தகராறு வெட்டுக்குத்தாக மாறிப் பாதி ஊர் கோர்ட்டுக்கு அலைந்த பிறகு, இனி எந்தச் சண்டையானாலும் சுடலைமாடன் கோயில் திடலில் பட்டிமன்றம் வைத்துத் தீர்த்துக்கொள்வது, நடுவர் சொன்னதற்கு மறுபேச்சில்லை என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அன்றிலிருந்து பாலமா கால்வாயா, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவரா கக்கூஸா, ஓடிப்போன ஜோடியை ஊருக்குள் சேர்ப்பதா வேண்டாமா எல்லாமே பட்டிமன்றத்தில்தான் முடிந்தன. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆவுடையப்பன் நிரந்தர நடுவர். குரல் வளமும் சால்வைகளும் உடையவர். அவரிடம் ஒரே ஒரு குறை: எல்லாப் பட்டிமன்றத்திலும் கடைசியில், இரண்டும் நமக்கு இரு கண்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்தத் தீர்ப்பையும் ஊர் அப்படியே நிறைவேற்றியது. பாலத்தின் நடுவிலேயே கால்வாய் ஓடியது. பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்கு மூன்று பக்கம் சுவர் இருந்தது. ஓடிப்போன ஜோடியில் பெண்ணை மட்டும் ஊருக்குள் சேர்த்துக்கொண்டார்கள். பையன் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்கு வந்துபோனான்.

இந்தத் தடவை அது நடக்காது என்று ஊர் கண்டித்துச் சொன்னது. பாதிப் பன்றியை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஐப்பசிக் கடைசி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே, மேடை ஏறுவதற்கு முன்னால் ஆவுடையப்பனைச் சுடலைமாடன் முன்னால் நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் வாங்கினார்கள்: ஒன்றைத்தான் சொல்வேன், ஒன்றே ஒன்றைத்தான் சொல்வேன். சுடலைமாடன் முன்னால் சத்தியத்தை மீறிய ஆள் உடையாம்பாறையில் இல்லை. மீறியவர்கள் வேறு ஊர்களில் இருந்தார்கள். ஆவுடையப்பன் கையைத் துடைத்துக்கொண்டு, பெரும் பாரம் ஏற்றப்பட்டவர் போல நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பன்றி மேடைக்குக் கீழே முன்வரிசையில், வாலிபர் சங்கம் விரித்துக் கொடுத்த சாக்கில் படுத்திருந்தது. அந்த இரண்டு வாரத்தில் அது மெலிந்து முதுகெலும்பு தெரிந்தது. காளான்கள் இன்னும் கொஞ்சம் விரிந்திருந்தன.

காளான் அணிக்கு முப்பிடாதி தானாகவே பெயர் கொடுத்தாள். காளான் ஜெயித்தால் பன்றி ஈர அறைக்குப் போகும், போனால் திரும்பி வராது, சேனை தப்பும், அவள் திருப்பூர் பஸ் ஏறவேண்டாம். இதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை. பன்றி அணிக்கு அவளுடைய அண்ணன் மனைவி பிரம்மசக்தி பெயர் கொடுத்தாள்.

"மைனி, உங்களுக்கும் பன்றிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"ஏளா, நீ எதுல நிக்கியோ அதுக்கு எதுத்தாப்புல நிக்கதுதான் எனக்கு சம்பந்தம். இருபது வருசமா அப்படித்தானே நிக்கேன்."

பன்றி அணியின் முதல் பேச்சாளர் ஆட்டோ ஓட்டுகிறவர். பன்றிக்குக் கண் இருக்கிறது, காளானுக்குக் கண் இருக்கிறதா என்று அவர் எடுத்த எடுப்பில் கேட்டதும் கைதட்டல் எழுந்தது. காளான் அணிக்காரர், கண் இருந்து என்ன பயன், முப்பிடாதி போட்ட வேலி அதன் கண்ணில் பட்டதா என்று திருப்பிக் கேட்டார். விரட்டினால் ஓடத் தெரிந்தது பன்றி என்றார் இவர். ஓடாமல் நம்மை நம்பி நிற்பது காளான் என்றார் அவர். பன்றி உழைத்துச் சாப்பிடுகிறது, காளான் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்றார் இவர். பன்றி அடுத்தவர் உழைப்பைச் சாப்பிடுகிறது, காளான் செத்ததையும் மக்கியதையும் சாப்பிட்டு வாசனையாகத் திருப்பித் தருகிறது என்றார் அவர். பன்றி பெற்ற தாய் மாதிரி பதினோரு பிள்ளைகளை முதுகில் சுமக்கிறது என்று இவர் உருகியபோது, சுமக்கிறது அல்ல, சுமத்தப்பட்டிருக்கிறது, அதைக் கேட்டா முளைத்தது என்று பன்றி அணியிலேயே ஒருவர் குறுக்கிட்டுவிட்டதால் அந்தக் கருத்து யாருக்கும் சேராமல் போனது.

"காப்பாத்துனா பன்றி குட்டி போட்டுப் பெருகும்" என்றார் ஆட்டோக்காரர்.

"எதோட சேந்து போடும்? ஒத்தப் பன்றி!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்ததும் பந்தல் அதிரச் சிரித்தது. காளான் அணிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். ஒற்றைப் பன்றி ஒற்றையாகவே சாகும், ஆனால் ஒற்றைக் காளான் போதும், தூள் பறந்தால் ஊர் முழுக்க முளைக்கும் என்றார். முன்வரிசையில் இருந்த மெர்லின் முதல்முறையாகக் கைதட்டினார். ஆவுடையப்பனின் தலை ஆடியதைப் பார்த்தவர்களுக்குத் தீர்ப்பு என்ன என்று தெரிந்துவிட்டது. முப்பிடாதிக்கும் தெரிந்துவிட்டது, மேடையில் உட்கார்ந்தபடியே அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

பிரம்மசக்திக்கு முறை வந்தது. அவளுக்கு வாதம் எதுவும் கைவசம் இல்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"சபைக்கு வணக்கம். நான் ஒண்ணுதான் சொல்லுதேன். அது வாயில்லா சீவன். ஒண்ணும் தெரியாத மக்குப் பிராணி. வழி தெரியாம வயலுக்குள்ள வந்துருது. என்னத்தத் திங்கோம்னு அதுக்கே தெரியாது. தகரத்தைத் தட்டுனா என்ன சத்தம்னு தெரியாம நிக்குது. புத்தி இல்லாத ஒரு மக்கை, பாவம் பாத்து, நாமதான் மன்னிச்சு விடணும்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். பெண்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு மூக்குகள் உறிஞ்சப்பட்டன.

பதில் சொல்ல முப்பிடாதி எழுந்தாள். இரண்டு வாக்கியம் சொல்லி உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் பிரம்மசக்தி பேசும்போதே அவளுக்கு உள்ளே ஏதோ கொதித்துவிட்டது.

"வழி தெரியாம வருதா? மைனி, உங்களுக்கு என்ன தெரியும் அதைப் பத்தி? மழைச் சத்தத்துக்குள்ள காலடிச் சத்தத்தை மறைச்சு வரும், தெரியுமா? மழை இல்லாத அன்னைக்கு காத்து அடிக்கட்டும்னு கருவேலத்துக்குள்ள காத்துக் கெடக்கும். மூணு கம்பி போட்டேன். கீழ்க்கம்பியை மூக்கால தூக்கிட்டு முதல்ல உள்ள வந்துது. நான் கீழ்க்கம்பியை இழுத்துக் கட்டுனேன், மறுநாளு நடுக்கம்பி வழியா வந்துது. எதைத் திங்கோம்னு தெரியாதா? இலை பழுக்காத சேனையை ஒரு நாளு தொட்டதில்ல. தண்டை மூக்கால ஒரு அமுக்கு அமுக்கும், எளசுன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போவும். எனக்கே அந்தக் கணக்கு தப்பும், அதுக்குத் தப்பாது."

நடுவர் மணியடிக்கக் கையை நீட்டினார். கூட்டம், பேசட்டும் பேசட்டும் என்றது.

"தகரச் சத்தம் தெரியாதாம்லா! நான் எத்தனை வலுவா தட்டுதேன்னு கேட்டுக்கிட்டே கெடக்கும். கை சோந்து சத்தம் தொய்ஞ்ச பொறவுதான் எந்திரிக்கும். ஒரு வருசம் எனக்குக் காய்ச்சல், மூணு ராத்திரி வயலுக்கே போகல்ல. அந்த மூணு ராத்திரியும் அது வரல்ல, ஒரு கெழங்கைத் தொடல்ல. நாலாம் நாளு போயித் தகரத்தைத் தட்டுனேன், வந்துட்டு. ஆளில்லாத வயல்ல கை வைக்காத ஒண்ணைப் போயி மக்குங்கீயளே மைனி. பத்து வருசமா நான் அதுகிட்டத் தோத்துக்கிட்டு இருக்கேன். அப்போ நான் ஒரு மக்குகிட்டயா தோத்தேன்?"

பந்தலில் எழுந்த கைதட்டல் அடங்க வெகுநேரமானது. காளான் அணிக்காரர்களே எழுந்து நின்று தட்டினார்கள். பன்றி சாக்கில் கிடந்தபடி ஒரு காதை மட்டும் அசைத்தது. முப்பிடாதி மைக்கைப் பிடித்தபடி நின்றாள். தான் என்ன பேசிவிட்டோம் என்பது அவள் முகத்தில் மெதுவாக ஏறியது.

"ஏளா" என்று பின்னாலிருந்து பிரம்மசக்தி மெல்லக் கேட்டாள். "நீ எந்த அணி?"

ஆவுடையப்பன் எழுந்தார். இரு கண்கள் என்ற சொல் வழக்கம்போல் நாக்கு நுனிவரை வந்திருக்க வேண்டும். உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு அதை விழுங்கினார். "காளான் அணியைச் சேர்ந்த முப்பிடாதி அவர்களின் ஆணித்தரமான வாதத்தை முழுமையாக ஏற்று, காப்பாற்றப்பட வேண்டியது பன்றியே, பன்றியே என்று தீர்ப்பளிக்கிறேன்." சொல்லி முடித்ததும், வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றைச் சொல்லிவிட்ட மயக்கத்தில், உட்காரும்போது நாற்காலி எங்கே இருக்கிறது என்று தேடினார்.

கூட்டம் எழுந்து சாக்குகளை மடிக்க ஆரம்பித்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது. முப்பிடாதி இன்னும் மைக்கை விடவில்லை.

"கைதட்டுனவங்க யாரும் போகாதீங்க. மொத்த ஊரும் தட்டுனீங்க, அப்போ மொத்த ஊரும் நில்லுங்க. பன்றியைக் காப்பாத்தியாச்சு. சந்தோசம். அது எங்க போயித் திங்கும்? உங்க கல் அறுக்க களத்துலயா? உங்க ஆட்டோவுலயா? என் வயல்லதான் திங்கும். நீங்க தட்டுன கைத்தட்டலுக்கு நான் ஒருத்தி சேனை போடணுமா?"

மடித்த சாக்குகள் திரும்ப விரிந்தன.

"கூட்டம் கூட்டமா பன்றி இருந்தப்போ பதினேழு வயலு இருந்துச்சு. ஆளுக்குக் கொஞ்சம் போச்சு. யாரும் பஸ் ஏறல்ல. சித்திரையில அடிவாரத்துல வயலு இருக்க எல்லாரும் சேனை நடணும். இப்பவே, அதே கற்பூரத்துல, சத்தியம் பண்ணணும். இல்லன்னா நான் திருப்பூருக்குப் போறேன். நீங்களாச்சு, உங்க பன்றியாச்சு."

"என்னளா இது?" என்றாள் பிரம்மசக்தி. "ஜெயிச்சது நான். எனக்குத் தண்டனையா?"

"ஜெயிச்சவங்கதான் மைனி பாடுபடணும். தோத்தவ பத்து வருசம் பட்டாச்சு."

ஊர் முழுக்கக் கைதட்டியிருந்தது. கைதட்டவில்லை என்று பொய் சொல்லச் சுடலைமாடன் முன்னால் யாருக்கும் தைரியம் வரவில்லை. பிரம்மசக்திதான் முதலில் போனாள். போகும்போது முப்பிடாதியின் முதுகில் வலிக்கும்படி ஒன்று வைத்துவிட்டுப் போனாள். கற்பூரத்தை அணைத்த கைகள் சுட்டுப்போய், பெட்டிக்கடையில் அன்று தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை முப்பிடாதியே காளான்களைச் சுரண்டி எடுத்தாள். வேறு யாரையும் பன்றி கிட்டே விடவில்லை, அவள் பக்கத்தில் வந்தபோது மட்டும் தகர டின் எங்கே என்று பார்ப்பது மாதிரி அவள் கையைப் பார்த்துவிட்டுத் தலையைக் கீழே போட்டுக்கொண்டது. மெர்லின் மூன்றை ஈரப்பஞ்சில் வைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூடிக்கொண்டார். மற்ற எட்டும் அரிசி புடைக்கும் சுளகில் கிடந்தன. சாயங்காலத்துக்கு மேல் தாங்காது என்று அவரே சொன்னார். அடக்கம் செய்ய வேண்டும் என்றது காளான் அணி. இத்தனை நாள் வாசனையை மட்டும் கொடுத்துவிட்டு இப்போது மண்ணுக்குள் போடவா என்றது பன்றி அணி. இதற்கு இன்னொரு பட்டிமன்றம் வைக்க நேரமில்லாததால் தங்கப்பழம் அவற்றை வாங்கிப் பொடியாக அரிந்து, பெரிய அண்டாவில் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுக் குழம்பு வைத்தார். ஆளுக்கு ஒரு கரண்டி கிடைத்தது. அதில் காளான் துண்டு கிடைத்தவர்கள் அதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள், கிடைக்காதவர்கள் அதிகமாகப் பேசுகிறார்கள். மெர்லின் வேண்டாம் என்றார், பிறகு தம்ளரை நீட்டினார், ஒரே மடக்கில் குடித்தார்.

"எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டார் தங்கப்பழம்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு மெர்லின் அழுதார். அவர் எதற்கு அழுகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் உப்பு எடுத்துவரவில்லை. அந்த வாரம் முழுவதும் உடையாம்பாறையில் எல்லாருடைய வியர்வையிலும் சாம்பிராணி மணந்தது. பக்கத்து ஊர்ப் பேருந்தில் இவர்கள் ஏறினால் வயதானவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் இருந்த மூன்றில் இரண்டு கார்த்திகையில் கருகின, மூன்றாவது மாசியில் கருகியது. எதிலிருந்தும் ஒன்றும் முளைக்கவில்லை.

பன்றி முப்பிடாதியின் பம்ப்செட் அறையில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிக்கொண்டு பதினைந்து நாள் கிடந்தது. உடம்பு தேறியதும் மலைக்குப் போனது. போன மூன்றாம் நாள் வயலுக்கு வந்தது. அந்தத் தையில் முப்பிடாதிக்குப் பாதிச் சேனைகூடத் தேறவில்லை. தங்கை போன் செய்தபோது, சித்திரை வரைக்கும் பாக்கேன் என்றாள். சித்திரை பிறந்து முதல் வாரம் அடிவாரத்தில் யாரையும் காணவில்லை. இரண்டாவது வாரம் பிரம்மசக்தி மண்வெட்டியோடு வந்து, கருவேலம் வெட்ட ஆள் கூப்பிட்டு, முப்பிடாதியின் தலைமுறையையே திட்டிக்கொண்டு வயலைத் திருத்தினாள். அவள் நட்டுவிட்டாள் என்று தெரிந்ததும் மற்றவர்களுக்கு இரவில் உள்ளங்கை காந்த ஆரம்பித்தது, ஒவ்வொருவராக வந்தார்கள். பதினேழு வயலிலும் சேனை நின்றது. ஒரு பன்றி பதினேழு வயலில் தின்றால் எவ்வளவு தின்றுவிட முடியும்? மழைக்காலம் முழுவதும் காலையில் டீக்கடையில் அந்தப் பேச்சுத்தான்.

"நேத்து எனக்கு ரெண்டு போச்சு."

"எனக்கு நாலு" என்றார் ஆட்டோக்காரர் கொஞ்சம் பெருமையாக. "தேடித் தேடித் தின்னுருக்கு."

பிரம்மசக்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நேராக முப்பிடாதியிடம் போனாள். "ஏளா, என் வயலுக்கு மட்டும் ஏன் வரல்ல? என் சேனையில என்ன கொறை?"

"தகரம் தட்டுனீயளா மைனி?"

"இல்ல."

"தட்டுங்க, வரும்."

தட்டினாள், வந்தது.

2019 ஜனவரி 24, வியாழக்கிழமை காலை, கட்டைப்பன்றி பிரம்மசக்தியின் வயலில் வாய்க்கால் ஓரமாக இறந்து கிடந்தது. வயதுதான் காரணம் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். அந்த இனத்தில் வேறொன்று இதுவரை தென்படவில்லை. அடுத்த சித்திரையில், சத்தியம் முடிந்துவிட்டதா இல்லையா என்று ஆவுடையப்பனிடம் கேட்டபோது, அதற்கும் பட்டிமன்றம் வைக்கலாம் என்றார், யாரும் வைக்கவில்லை. 2019 மே 6, திங்கட்கிழமை, முப்பிடாதி விதைக்கிழங்கு வெட்டிச் சாணிப்பாலில் நனைத்து நட்டாள். மற்றப் பதினாறு வயல்களிலும் அந்த வாரத்துக்குள் நட்டு முடித்தார்கள்.